நிறுத்தினால்தான் பிழைக்கும் தசை

வல்லம், செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்தில் நெஞ்சைத் திறந்து செய்யும் ஆபரேஷன் என்றால் புதுச்சேரி ஜிப்மருக்கோ சென்னைக்கோ போவார்கள். “இதயத்தை நிறுத்தி வைத்துத்தான் செய்வோம்” என்று மருத்துவர் சொன்னதும் கூட வந்தவர்களுக்குப் பகீரென்கிறது. ஆனால் இதயத் தசைக்கு அந்த நிறுத்தமே காவல்.

வால்வை மாற்ற வேண்டுமானால் இதயத்துக்குள் ரத்தம் இருக்கக் கூடாது, துடிப்பும் கூடாது. உடலின் ரத்த ஓட்டத்தை ஹார்ட்-லங் மெஷின் ஏற்றுக்கொண்டதும், மகாதமனியில் கிளாம்ப் போடுகிறார்கள். அந்த நொடியே இதயத்துக்கு ரத்தம் கொடுக்கும் கரோனரி குழாய்களும் வறண்டுவிடும். ரத்தமில்லாமல் துடித்துக்கொண்டே இருந்தால், கையிருப்புச் சக்தி தீர்ந்து தசை சாகத் தொடங்கும்.

அதைத் தடுப்பது கார்டியோபிளேஜியா என்னும் குளிர்ந்த கரைசல். ரத்தத்தில் பொட்டாசியம் வழக்கமாக லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல். இந்தக் கரைசலில் அது பல மடங்கு. கரோனரி குழாய்கள் வழியே பாய்ந்ததும் தசைச் செல்களின் மின்தூண்டல் முடங்கி, இதயம் தளர்ந்த நிலையிலேயே நின்றுவிடுகிறது. அப்போது அதன் ஆக்சிஜன் தேவை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. குளிர் அதை இன்னும் குறைக்கும். ஐஸ்தான் இதயத்தைக் காப்பாற்றுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். முதல் மரியாதை பொட்டாசியத்துக்கே.

அளவு மிஞ்சினால் அதுவே நஞ்சு. 1955-இல் லண்டனில் டெனிஸ் மெல்ரோஸ் பொட்டாசியம் சிட்ரேட்டால் இதயத்தை நிறுத்திக் காட்டினார். செறிவு அதிகமாகித் தசை புண்பட, அந்த முறை கைவிடப்பட்டது. 1970-களில் அதே நகரின் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் டேவிட் ஹியர்ஸும் பிரைம்பிரிட்ஜும் பொட்டாசியத்தைக் குறைத்து, மக்னீசியம் சேர்த்து அதை மீட்டார்கள். பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் கே.எம். செரியன் இந்தியாவின் முதல் கரோனரி பைபாஸைச் செய்ததும் அந்தக் காலத்தில்தான், 1975-இல்.

பழைய கரைசல்களைச் சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பச் செலுத்த வேண்டும். பின்னர் வந்த டெல் நிடோ கலவை, ஒரே தவணையில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் தாங்கும். இந்தக் கணக்கையெல்லாம் மெஷின் அருகே உட்கார்ந்து பார்ப்பவர் பெர்ஃபியூஷனிஸ்ட். வெளியே காத்திருக்கும் குடும்பம் அவர் பெயரைக்கூடக் கேட்பதில்லை.

எந்தக் கரைசலானாலும், ஏற்கெனவே வீங்கித் தளர்ந்த இதயத்தைக் காப்பது கடினம். எனவே வால்வு ஆபரேஷன் தேவை என்று மருத்துவர் நாள் குறித்துவிட்டால், மல்லாட்டை பிடுங்கி முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.