“இது எங்கம்மா இல்லட்டி!” - வெள்ளம் கொண்டுபோன ஆச்சி முகமும், 41 ஓவியங்களும்

“யாருட்டி இது?”

நான் வரைந்து அனுப்பிய முதல் ஓவியத்துக்குக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அத்தை போட்ட பதில் இவ்வளவுதான். அது ஆச்சி என்று சொல்ல வாய் வரவில்லை. “சும்மா வரைஞ்சு பாத்தேன் அத்தை” என்று சமாளித்துவிட்டேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நெல்லை, தூத்துக்குடிக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணியில் தண்ணீர் ஏறினால் குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்கும். அது எங்களுக்குப் பழகிய காட்சி, பாலத்தில் நின்று வேடிக்கைகூடப் பார்ப்போம். அந்த முறை ஆறு சிந்துபூந்துறைக்குள் நுழைந்து, எங்கள் வீட்டுக்குள் வந்து, நெஞ்சளவு ஏறி நின்றது. பீரோ, மிக்ஸி, ரேஷன் கார்டு எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்ப வந்துவிட்டன. சுவரில் மாட்டியிருந்த ஆச்சியின் போட்டோ மட்டும் வரவில்லை.

ஆச்சிக்கு இருந்தது அந்த ஒரே போட்டோதான். ஸ்டூடியோவில் நாற்காலியில் உட்கார்ந்து எடுத்தது. தண்ணீர் வடிந்த பிறகு அப்பா பிரேமைப் பிரித்து, கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்த படத்தை மெதுவாகத்தான் உரித்தார். முகம் கண்ணாடியோடு வந்துவிட்டது. சேலைக் கரையும் நாற்காலிக் காலும் பேப்பரில் மிச்சம்.

(உங்கள் வீட்டில் இப்படி நடந்தால் தயவுசெய்து உரிக்காதீர்கள். ஈரமாக இருக்கும்போதே கண்ணாடியோடு சேர்த்து சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் ஊறவிட்டால், படம் தானாக வழுகி வர வாய்ப்பு உண்டு. காய்ந்து ஒட்டிப்போயிருந்தால், கண்ணாடிக்கு மேலேயே வைத்து ஸ்கேன் எடுத்துவிடுங்கள். எங்களுக்கு இது பிறகுதான் தெரிந்தது.)

ஆச்சி இறந்தபோது எனக்குப் பத்து வயது. முகம் ஞாபகம் இருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால் வரைந்துவிடலாம் என்று கிளம்பினேன். பள்ளிக்கூடத்தில் ரெக்கார்டு நோட்டுக்குச் செம்பருத்திப் பூவும் தவளையும் வரைந்ததோடு சரி, அதற்கு மேல் எனக்கும் பென்சிலுக்கும் பழக்கமில்லை. சென்னையில் வேலை முடிந்து ரூமுக்கு வந்ததும் தினமும் ஒரு முகம். மூன்று வாரத்தில் 19 படங்கள். தோழிகள் ‘செமடி’, ‘சூப்பர்’ என்றார்கள், ஹார்ட் விட்டார்கள். முதல் படத்தையும் பத்தொன்பதாவது படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே முகம். ஒரே தப்புகள். பத்தொன்பதாவதில் அதே தப்புகளைக் கொஞ்சம் வேகமாகச் செய்திருந்தேன், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் ஒரு ஆராய்ச்சியைச் சொல்லியாக வேண்டும். 1993-ல் ஆண்டர்ஸ் எரிக்சன் என்ற உளவியலாளரும் சகாக்களும் பெர்லின் இசைக் கல்லூரி வயலின் மாணவர்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பின்னாளில் ‘பத்தாயிரம் மணி நேரம் உழைத்தால் எதிலும் மேதை ஆகலாம்’ என்று புத்தகங்களிலும் மேடைகளிலும் பரவியதே, அதற்கு மூலம் இதுதான். ஆனால் எரிக்சனே அந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளவில்லை. மணி நேரம் முக்கியமல்ல; எது வரவில்லையோ அதை மட்டும் எடுத்து, தப்பைச் சுட்டிக்காட்ட ஒருவரை வைத்துக்கொண்டு செய்கிற பயிற்சிதான் கணக்கு என்பது அவர் வாதம். என்னிடம் மணி நேரம் இருந்தது. சுட்டிக்காட்ட ஆள் இல்லை.

நெற்றியில் இருந்த கண்

பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர் ஒருவர் இருக்கிறார். அரசுத் தேர்வில் லோயர், ஹையர் இரண்டும் முடித்து, டிராயிங் வாத்தியார் வேலைக்கான டி.டி.சி-யும் முடித்து, பல வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்தவர். ஊருக்குப் போயிருந்த ஒரு சனிக்கிழமை அப்பா என்னை அவரிடம் அழைத்துப்போனார்.

19 படங்களையும் பொறுமையாகப் புரட்டினார். நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஒரு படத்தின் மேல் டிரேசிங் பேப்பரை வைத்தார். பென்சிலால் உச்சந்தலையில் இருந்து தாடை வரை அளந்து, சரிபாதியில் ஒரு கோடு போட்டார்.

“கண்ணு இங்க இருக்கணும்மா. நீ நெத்தில வெச்சிருக்க.”

அவர் சொன்ன பிறகு 19 படத்தையும் பார்க்கிறேன், எல்லா ஆச்சிக்கும் கண் நெற்றியில்! ஆரம்பத்தில் வரைகிற எல்லோருமே செய்கிற தப்பாம் இது. கண்ணும் மூக்கும் வாயும்தான் முகம் என்று நம் மனசு நினைக்கிறது. அதனால் மண்டைக்கு வேண்டிய இடத்தைக் கொடுக்காமல் சுருக்கிவிடுகிறோம்.

அடுத்தது, எல்லாக் கோட்டையும் ஒரே அழுத்தத்தில் போட்டிருந்தேன். “தாடைக்கும் கோடு, மூக்குக்கும் கோடு, சுருக்கத்துக்கும் அதே கோடு. கோலம் போட்ட மாதிரி இருக்கு. மூக்கோட பக்கவாட்டுல எங்கயாவது கோடு இருக்கா? வெளிச்சமும் நிழலும்தான இருக்கு?” என்றார். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்தால் சின்னச் சின்ன விவரங்கள் மறைந்து, எது இருட்டு எது வெளிச்சம் என்று தெரியும் என்று செய்து காட்டினார்.

மூன்றாவதுதான் வலித்தது. “நீ பாக்கதை வரையல. உனக்குத் தெரிஞ்சதை வரையுத. கண்ணுன்னா ஒரு மீன், உதடுன்னா ஒரு வில்லு.”

“ஆச்சி இல்லையே சார், எப்படிப் பார்த்து வரைய?”

“அப்போ முதல்ல உங்க அத்தையை உக்கார வெச்சு வரை. தாயோட எலும்பு மகள்ட்ட கொஞ்சமாவது இருக்கும்.”

அத்தையை உட்கார வைப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அவருக்குத் தெரியாது. சீரியல் ஓடினால்தான் அசையாமல் இருப்பாள். அதிலும் விளம்பரம் வந்தால் அடுப்பைப் பார்க்க எழுந்துவிடுவாள். கையை நேராக நீட்டி, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, மூக்கு நீளம் என்ன, அதில் எத்தனை பங்கு காது என்று நான் அளக்க, “என்னட்டி, துப்பாக்கியால சுடப்போறவ மாதிரி குறி பாக்க?” என்று ஒரே சிரிப்பு. ஆனாலும் அத்தை ஆறு முறை உட்கார்ந்தாள். ஆறாவது படத்தைப் பார்த்துவிட்டு, “இவ்வளவு வயசாயிட்டா எனக்கு?” என்று கோபப்பட்டாள். நான் சந்தோஷப்பட்டேன்.

கல் அசையாது

அசையாத ஆள் வேண்டும் என்றால் கிருஷ்ணாபுரம் போ என்று சொன்னதும் மாஸ்டர்தான். நெல்லையில் இருந்து திருச்செந்தூர் ரோட்டில் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். வேங்கடாசலபதி கோயிலில் நாயக்கர் காலத்துச் சிலைகள் ஆளுயரத்துக்கு நிற்கின்றன. ராஜகுமாரியைத் தூக்கிச் செல்லும் குறவன், கர்ணன், ரதி, வீரபத்திரர். சின்ன வயசில் டூர் போனபோது ‘நரம்பு தெரியுது பார், நகம் தெரியுது பார்’ என்று காட்டுவார்களே, அதே சிலைகள்.

குறவன் முன்னால் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். விலா எலும்பில் ஆரம்பித்து மாட்டிக்கொண்டேன். மாஸ்டர் சொல்லி அனுப்பிய உபாயம் அப்போதுதான் ஞாபகம் வந்தது: கையை வரையாதே, கைக்கும் உடம்புக்கும் நடுவே இருக்கிற இடைவெளியை வரை. இடைவெளிக்கு நம் மனசில் பெயரும் இல்லை, படமும் இல்லை. அதனால் இருக்கிறபடியே பார்த்துவிடுகிறோம். இடைவெளியைச் சரியாகப் போட்டதும் கை தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. எனக்கு அங்கேயே கத்த வேண்டும்போல இருந்தது.

கோயில் கோயிலாக உட்கார்ந்து சிலைகளை வரைந்து, பத்திரிகை வழியாக வீடு வீடாகக் கொண்டு சேர்த்தவர் ஓவியர் சில்பி. இயற்பெயர் சீனிவாசன், நாமக்கல்காரர். சிற்பம்தான் இவருடைய வழி என்று கண்டுபிடித்து, ‘சில்பி’ என்று பெயரும் வைத்தவர் ஆனந்த விகடனில் இருந்த ஓவியர் மாலி. நமக்கு எது வரும் என்பதைக்கூட சில நேரம் இன்னொருவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் பக்கத்திலேயே இதற்கு ஒரு பள்ளிக்கூடம் இருந்தது, போர்டு மாட்டாத பள்ளிக்கூடம். வெள்ளத்தில் எங்கள் பூஜை அறையில் இருந்த மீனாட்சி திருக்கல்யாணம் காலண்டர் படமும் போனது. அப்பா அதற்குக் கவலைப்படவில்லை. அச்சடித்த படம், வேறு ஒரு வீட்டில் இருக்கும். அந்த மாதிரி சாமி படங்களைத் தென் தமிழகத்து வீட்டுச் சுவர்களில் ஏற்றிய பெரிய கை, கோவில்பட்டி சி. கொண்டைய ராஜுவுடையது (1898–1976). அப்போது கோவில்பட்டி திருநெல்வேலி மாவட்டம்தான். 1986-ல்தான் தூத்துக்குடி தனியாகப் பிரிந்தது. சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, நாடகக் கம்பெனிக்கு சீன் வரைந்து, கடைசியில் கோவில்பட்டியில் தங்கிவிட்டவர். டி.எஸ்.சுப்பையா, ராமலிங்கம், அருணாசலம், சீனிவாசன், செண்பகராமன் என்று சீடர்கள். குருவும் சீடரும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட படங்களும் உண்டு. பக்கத்திலேயே சிவகாசி அச்சகங்கள். அப்படி ஒரு படத்தில் சீடனின் கோடு தப்பினால் குரு அன்றைக்கே சொல்லிவிட முடியும். சாமியின் கண் சரியில்லை என்றால், அடுத்த வருடம் அந்தக் காலண்டரை யார் கேட்பார்கள்? நான் ஹார்ட் வாங்கிக்கொண்டிருந்த இடத்தில் அவர்களுக்கு இது இருந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

காதும் பல்லும்

இருபத்தேழாவது படத்தில் இருந்து குரூப்பில் கேள்வியை மாற்றினேன். ‘எப்படி இருக்கு?’ என்று கேட்பதை விட்டுவிட்டு, ‘எது ஆச்சி மாதிரி இல்லை?’ என்று கேட்டேன். இந்த ஒரு மாற்றம் செய்த வேலையை எந்த பென்சிலும் செய்யவில்லை.

அதுவரை ‘நல்லாருக்கு பிள்ள’ என்றிருந்தவர்கள் கொட்ட ஆரம்பித்துவிட்டார்கள். காது தப்பு என்றார் சித்தப்பா. ஆச்சிக்குப் பாம்படம் போட வடித்த காது. பாம்படத்தை சித்தப்பா படிப்புக்காக விற்றுவிட்டார்களாம். அதன் பிறகு அந்தக் காது தோள் வரைக்கும் வெறுமனே தொங்கும். எனக்கு இந்தக் கதையே தெரியாது. சொல்லிவிட்டு இரண்டு நாள் சித்தப்பா குரூப்பில் எதுவும் போடவில்லை.

மேல் பல் ஒன்று கொஞ்சம் முன்னால் நிற்கும், அதனால் வாயை மூடினாலும் உதடு முழுசாக ஒட்டாது என்றாள் அத்தை. அப்பா நெற்றியைப் பற்றி மட்டும் பேசினார். விபூதிக்கு மேலே ஒரு தழும்பு. அம்மி தூக்கும்போது பட்டதாம். அது இடதா வலதா என்று மூன்று பேருக்கும் சண்டை. போட்டோவில் பார்த்த இடம் என்று அப்பா சொல்ல, நேரில் பார்த்த இடம் என்று அத்தை சொல்ல, நான் இரண்டு படம் வரைந்து அனுப்பினேன். அதை போனில் இடவலமாகத் திருப்பியும் பார்த்தேன். இதுவும் மாஸ்டர் சொன்னதுதான்: படத்தைக் கண்ணாடியில் காட்டு, கண்ணுக்குப் பழகிப்போன கோணல் எல்லாம் பளிச்சென்று தெரியும். ஆச்சியின் ஒரு தோள் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது அப்போதுதான் தெரிந்தது.

முப்பத்து நான்காவது படத்துக்குத்தான் அத்தை எழுதினாள், ‘இது எங்கம்மா இல்லட்டி. ஆனா எங்கம்மாவோட அக்கா மாதிரி இருக்கு.’ நான் அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன். கிட்டத்தட்ட வீட்டுக்குள் வந்துவிட்டேன் அல்லவா!

நாற்பத்தொன்றாவது படத்தைக் குரூப்பில் போடவில்லை. நேரில் கொண்டுபோனேன். வெள்ளத் தண்ணீரின் கோடு இன்னும் மங்கலாகத் தெரிகிற அதே சுவரில், பழைய ஆணியில் அப்பா மாட்டினார். அத்தை கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள், அதில் தூசியே இல்லை.

சித்தப்பாதான் பேசினார். “காது சரியா வந்துட்டு பிள்ள. பல்லும் சரிதான். ஆனா அம்மா இப்பிடி சும்மா உக்காந்து நான் பாத்ததே இல்ல. எப்பவும் கையில அந்த இடிக்கிற உரல் இருக்கும். வெத்தலை இடிச்சுக்கிட்டேதான் நம்மளைப் பாப்பா.”

இப்போது கை வரைய ஆரம்பித்திருக்கிறேன். ஐந்து விரலும் வெண்டைக்காய் மாதிரியே வருகின்றன. வெற்றிலை உரலைப் பக்கத்து வீட்டு ஆச்சியிடம் கடன் வாங்கி வைத்திருக்கிறாள் அத்தை. சனிக்கிழமை அவளே இடித்துக் காட்டுகிறாளாம், சீரியல் இல்லாத நேரமாகப் பார்த்து வரச் சொல்லியிருக்கிறாள்.