ஜக்கெட் கொழுக்கியும் மின்சாரமும்

ஹாலேயில் 1891 முதல் மின்சார ட்ராம் ஓடுகிறது. போன கிழமை அதில் வரும்போது ஏழு வயது மகள் கேட்டாள்: “அம்மா, ட்ராம் நிக்கேக்க அதின்ட வேகம் எங்க போகுது?”

பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி மின்சாரம் தரும். அதைச் சுப்பர் கப்பாசிட்டரில் சேமித்து, மறுபடி புறப்படப் பயன்படுத்தலாம். மான்ஹைம் நகர ட்ராமில் 2003இலேயே இதைச் சோதித்தார்கள். ஆனால் மகளிடம் சொல்ல வாயெடுத்தால் ஜெர்மன்தான் வந்தது. நம்மில் பலருக்கும் இப்படித்தானே? சமையலுக்கும் கோயிலுக்கும் தமிழ், விஞ்ஞானத்துக்கு ஜெர்மன். இந்தமுறை விடுவதில்லை என்று நினைத்தேன்.

“பள்ளிக்கூடத்தில ஜக்கெட்டைக் கொழுக்கியில கொழுவுறாய் தானே? டக்கெண்டு கொழுவலாம், டக்கெண்டு எடுக்கலாம். கப்பாசிட்டரும் அப்பிடித்தான். பற்றரி எண்டா, மடிச்சு அலுமாரிக்குள்ள வைக்கிற மாதிரி. நிறைய வைக்கலாம், ஆனா நேரம் எடுக்கும்.”

உங்கள் பிள்ளையும் கேட்டால் உதவும் என்பதால் மிச்சத்தையும் சொல்கிறேன். ஜக்கெட் என்றது அயனிகளை. மின்னேற்றும்போது, திரவத்தில் உள்ள அயனிகள் எதிர் மின்னூட்டமுள்ள மின்முனையின் மேற்பரப்பில் வந்து ஒட்டுகின்றன. ஆகவே மேற்பரப்பு பெரிதானால் கொழுக்கிகளும் கூடும்.

இங்கேதான் இருபரிமாணப் பொருட்கள் வருகின்றன. கிராஃபீன் என்பது பென்சிற்கரியிலிருந்து பிரித்த, ஒரே ஓர் அணு தடிப்புள்ள தாள். கணக்குப்படி 1 கிராமின் இரு பக்கமும் சேர்ந்து சுமார் 2,630 சதுர மீற்றர். பத்து டென்னிஸ் மைதானங்கள்! சிக்கல் என்னவென்றால், தாள்கள் ஈர அப்பளம் போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு அயனி நுழைய வழியில்லை. அந்த இடைவெளியைக் காப்பதுதான் ஆராய்ச்சியாளர்களின் பெரும்பாடு.

2011இல் அமெரிக்காவின் ட்ரெக்சல் பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்த மெக்சீன் தாள்களுக்கு நடுவே அயனிகள் வேகமாகப் போய்வரும். மேற்பரப்பு அணுக்களும் மின்னூட்டத்தை ஏற்கும். எங்கள் ஊர் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்திலும் சின்லியாங் ஃபெங் குழுவினர் இருபரிமாணப் பொருட்களை உருவாக்குகிறார்கள்.

“அப்ப ஃபோனுக்கு ஏன் பற்றரி?” என்றாள்.

“கொழுக்கியில கொஞ்சம்தான் தொங்கும். நாள் முழுக்க வேணுமெண்டா அலுமாரிதான்.”

அன்றிரவு அவள் அம்மம்மாவுக்கு ஃபோனில் எல்லாவற்றையும் தமிழிலேயே விளக்கினாள். யாழ்ப்பாணத்தில் பௌதிகவியல் படித்த அம்மா சிரித்தார்: “அதுக்குப் பேர் கொள்ளளவி, பிள்ளை.”

அந்தச் சொல்லை மகளும் நானும் அன்றுதான் கற்றோம்.