155 மி.மீ. என்றால் எல்லாம் ஒன்றா?

2022இல் ரஷ்யா படையெடுத்தபோது உக்ரைனிடம் இருந்த பெரும் பீரங்கிகளில் பல, சோவியத் காலத்து 152 மி.மீ. ரகம். நேட்டோ நாடுகளின் கிடங்குகளில் இருந்ததோ 155 மி.மீ. குண்டுகள். வித்தியாசம் 3 மி.மீ.தான், ஆனாலும் 155 மி.மீ. குண்டு 152 மி.மீ. குழலில் நுழையாது. ஆகவே குண்டோடு பீரங்கியையும் சேர்த்தே அனுப்ப வேண்டியதாயிற்று. அமெரிக்காவின் எம்777, பிரான்ஸின் சீஸர், ஜெர்மனியின் பிஇசட்எச் 2000, போலந்தின் கிராப் என்று வரிசையாக வந்து இறங்கின.

எல்லாமே 155 மி.மீ. ஆனாலும் சிக்கல் தீரவில்லை.

விட்டம் பொருந்தினால் குண்டு குழலுக்குள் போகும், அவ்வளவுதான். எங்கே போய் விழும் என்பது வேறு கணக்கு. முதலில் குழலின் நீளம். எம்777 ‘39 காலிபர்’ பீரங்கி; அதாவது 155 மி.மீ.யைப் போல 39 மடங்கு, சுமார் 6 மீட்டர். சீஸர் 52 காலிபர், சுமார் 8 மீட்டர். குழல் நீண்டால் வாயு குண்டை அதிக நேரம் தள்ளும்; வேகமும் தூரமும் கூடும்.

அடுத்தது, உந்துமருந்து எரியும் அறையின் கொள்ளளவு. அதே அளவு மருந்து சிறிய அறையில் எரிந்தால் அழுத்தம் எகிறிக் குழலுக்கே ஆபத்தாகும். பெரிய அறையில் எரிந்தால் அழுத்தம் குறைந்து, குண்டு இலக்குக்கு முன்பே விழும்.

இதற்காகவே அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி, இத்தாலி உள்ளிட்ட நாடுகள் கூடிப் பேசி, 52 காலிபர் பீரங்கிக்கு 23 லிட்டர் அறை என்று வரையறுத்தன. குண்டை வெடிக்கவைக்க அதன் மூக்கில் திருகும் ஃபியூஸின் வடிவத்துக்கு ‘ஸ்டேனக் 2916’ என்ற நேட்டோ தரநிலை இருக்கிறது. குண்டின் பாதையைக் கணக்கிடும் மென்பொருளைக்கூட உறுப்பு நாடுகள் பகிர்ந்துகொள்கின்றன.

ஆனால் தரநிலை சட்டமல்ல. சில விதிகளுக்கு விலக்குச் சொல்லிவிட்டு ஒரு நாடு அதை ஏற்கலாம். இந்தக் குண்டு, இந்த மருந்து, இந்தப் பீரங்கி என்று ஒவ்வொரு சேர்க்கையையும் சுட்டுப் பார்த்துச் சான்றளிக்கும் வேலையும் தப்பாது.

நம் ராணுவத்துக்கும் இது புதிதல்ல. 1986இல் ஒப்பந்தமான போஃபர்ஸ் 39 காலிபர், தனுஷ் 45, கே9 வஜ்ரா 52. டிஆர்டிஓ உருவாக்கிய ‘ஏடாக்ஸ்’ பீரங்கியும் 52 காலிபர்தான்; ஆனால் அதன் அறை 25 லிட்டர். கூடுதல் மருந்தை ஏற்பதால் சோதனையில் சுமார் 48 கி.மீ. வரை சுட்டது. தூரம் லாபம்தான். ஆனால் அதன் முழு மருந்தை 23 லிட்டர் பீரங்கியில் போட்டுச் சுட முடியாது.

தரநிலையை மீறுவதும் ஒரு முடிவுதான். தெரிந்தே எடுக்க வேண்டிய முடிவு. டெண்டரில் ‘155 மி.மீ.’ என்று மட்டும் எழுதினால் போதாது. அறை, மருந்து, ஃபியூஸ், கணக்கீட்டுத் தரவு நான்கையும் எழுதி வாங்கினால்தான், ஒரு படையின் குண்டு இன்னொரு படையின் பீரங்கிக்கு அவசரத்தில் உதவும்.