முனையத் திரையும் தமிழ் எழுத்தும்
நேரலை உரையாடலை வரியாகக் காணும் முறை பற்றிய ஓர் ஆராய்ச்சி

எழுத்து எழுதப்படும் பொருள் மாறுந்தோறும் அதன் வடிவும் ஓரளவு மாறி வந்துள்ளமையை நம் எழுத்து வரலாறு காட்டும். ஓலை கிழியுமென அஞ்சி ஏடெழுதுவோர் மெய்யின் புள்ளியை இடாது விட்டனர். அச்சு பரவிய பின்னர் அப்புள்ளி மீண்டும் நிலைபெற்றது. இன்று கணினியின் முனையத் திரையும் ஒருவகை ஏடாக நம்முன் நிற்கின்றது. அவ்வேட்டில் தமிழ் எழுத்து எங்ஙனம் அமைகின்றது என்பதனை, திருப்பூர் வணிகத்தோடு தொடர்புடைய ஓர் எடுத்துக்காட்டின் வாயிலாக ஈண்டு ஆராய்வோம்.

டெர்மினல் என வழங்கும் முனையம், படமும் பொத்தானும் இன்றி, எழுத்து ஒன்றினாலேயே கணினியோடு உரையாடும் திரையாகும். கட்டளையை எழுதினால் விடை வரிகளாக வரும். திருப்பூர்ப் பின்னலாடை வணிகருள் ஒருவர் பனியன்களை யூடியூப் நேரலையில் காட்டி விற்கின்றார் எனக் கொள்வோம். காண்போர் ‘90 சைஸ், 12 பீஸ், நீலம்’ என்றவாறு செய்தி விடுப்பர். செய்திகள் மிகும்போது, கைப்பேசித் திரையில் முன்னவை மேலேறி மறைந்துவிடும். மறைந்தது ஒருவரது ஆர்டராயின், விற்பவர்க்கு இழப்பும் வாங்குபவர்க்கு ஏமாற்றமும் உண்டாம். அச்செய்திகளையே முனையத்தில் நேரம், பெயர், செய்தி என வரிவரியாகப் பெற்றால், அவற்றைக் கோப்பிற் சேர்க்கலாம். ‘90’ என்னும் எண் வரும் வரிகளை மட்டும் பிரித்தெடுக்கலாம்.

இம்முறை புதிதன்று. 1988இல் பின்லாந்து நாட்டின் ஊலு நகரில் யார்க்கோ ஒய்க்காரினென் என்பார் ஐ.ஆர்.சி. என்னும் உரையாடல் முறையை இயற்றினார். அதன் விதிகள் 1993இல் எழுத்து வடிவில் வெளியாயின. அஃது எழுத்தால் மட்டுமே இயங்குவதாதலின் முனையத்திற்கு இயல்பாகவே பொருந்தியது. டுவிட்ச் என்னும் நேரலைத் தளம் தன் உரையாடலை இம்முறையிலேயே பிற நிரல்களுக்குத் திறந்துவைத்துள்ளது. யூடியூபின் முறை வேறு. அங்கு நம் நிரல், நேரலைக்குரிய உரையாடல் அடையாளத்தைக் காட்டிச் செய்திகளைக் கேட்டல் வேண்டும். வரும் விடையில் செய்திகளின் பட்டியலும், அடுத்துக் கேட்டற்குரிய குறியீடும், அதுவரை காத்திருக்கவேண்டிய காலமும் மில்லி நொடிக் கணக்கில் அமைந்திருக்கும். அக்காலத்தை மதியாது விரைந்து விரைந்து கேட்பின், நாளொன்றுக்கு வகுக்கப்பட்ட அளவு விற்பனை முடியுமுன்னரே தீர்ந்துபோதல் கூடும்.

இனி, திரையின் அமைப்பை நோக்குவோம். முனையத் திரை சமமான கட்டங்களாகப் பகுக்கப்பட்டது. 1978இல் வெளிவந்த விடி100 என்னும் முனையம் 80 கட்டங்கள் கொண்ட 24 வரிகளை உடையது. 80 என்னும் இவ்வெண், ஐபிஎம் நிறுவனம் 1928இல் வழங்கிய துளையட்டையின் 80 பத்திகளை ஒத்தது. துளையட்டையால் பொறியை நடத்தும் வழக்கமோ, நெசவில் பூவேலை செய்தற்கு ஜக்கார்டு 1804ஆம் ஆண்டளவில் அமைத்த தறியினாற் பரவியது. ஆகவே நெசவுக்கும் திரைக்கும் உள்ள உறவு உவமையளவில் நிற்பதன்று. பின்னற் பொறியில் ஓர் ஊசிக்கு ஒரு கண்ணி என்பது போல, முனையத்தில் ஒரு கட்டத்திற்கு ஓர் எழுத்து என்பது விதி. உரோமன் எழுத்து இவ்விதிக்கு எளிதில் அடங்கும். தமிழ் எழுத்து அங்ஙனம் அடங்குவதில்லை.

இதன் காரணம் யாது? தொல்காப்பியர் உயிர்மெய்யை இருவகையாக நோக்கினார். ஒலி நோக்கில், மெய் முன்னும் உயிர் பின்னுமாக நிற்கும் என்றார். வரிவடிவ நோக்கில், புள்ளி நீங்கிய மெய் அகரத்தோடு தன் உருவிலேயே நிற்கும் என்றும், ஏனை உயிர்களோடு உருவு திரியும் என்றும் கூறினார். 1991இல் வெளியான யூனிகோட் என்னும் ஒருங்குறி, இவற்றுள் வரிவடிவ நோக்கோடு ஒத்துச் செல்கின்றது. அகரமேறிய மெய்யை அஃது அடிப்படையாகக் கொண்டு, புள்ளியையும் உயிர்க்குறிகளையும் தனித்தனிக் குறிகளாகப் பின்னே சேர்க்கின்றது.

அக்குறிகளுள் சில இடங்கொள்வன என்றும், சில இடங்கொள்ளாதன என்றும் ஒருங்குறி பகுத்துள்ளது. இகரக் குறி இடங்கொள்வது. ஈகாரக் குறியும் புள்ளியும் இடங்கொள்ளாதன. முனையங்கள் பலவும் இப்பகுப்பைக் கொண்டே கட்டங்களை எண்ணுகின்றன. ‘நிறம்’, ‘நீலம்’ என்னும் இரு சொற்களும் மூன்று மூன்று எழுத்துடையன. ஆயினும் அம்முனையங்களில் ‘நிறம்’ நான்கு கட்டங்களையும் ‘நீலம்’ மூன்று கட்டங்களையும் பெறும். ஐந்தெழுத்துடைய ‘திருப்பூர்’ எட்டுக் கட்டங்களைப் பெறும். இதனால் எழுத்துகள் விலகியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியும் தோன்றுகின்றன. நேராக நிற்கவேண்டிய பத்திகள் கோணுகின்றன.

கண்ணுக்குப் புலனாகும் இக்குறையினும், புலனாகாத குறை பெரிது. ‘மொத்தம்’ என்னும் சொல்லின் முதலெழுத்தை ஒகரக் குறி ஒன்றனாலும் எழுதலாம். எகரக் குறியும் கால் குறியுமாக இரண்டனாலும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. எனினும் தேடும் கட்டளை அவற்றை வெவ்வேறு சொற்களாகவே கொள்ளும். ‘மொத்தம்’ என்று தேடி ஆர்டர்களை எண்ணும் வணிகர், மற்றொரு வகையில் எழுதப்பட்டவற்றை இழப்பர்; இழந்தமையையும் அறியார். இவ்விரு வடிவும் ஒன்றே என ஒருங்குறி விதித்துள்ளது. ஆதலின், வரும் செய்திகளை முதற்கண் ஒருவடிவப்படுத்தி, அதன் பின்னரே தேடுதல் வேண்டும்.

அளவிலும் வேறுபாடு உண்டு. யூடிஎஃப்-8 முறையில் உரோமன் எழுத்து ஒரு பைட்டும், தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டும் கொள்ளும். ஐ.ஆர்.சி.யின் பழைய விதிப்படி ஒரு செய்தி 512 பைட்டுக்கு மேற்படலாகாது. ஈற்றுக் குறி இரண்டு நீங்கின் எஞ்சுவன 510. அவற்றுள் 170 தமிழ்க் குறிகளே அடங்கும். கட்டளைச் சொற்களும் அதனுள்ளேயே இடம்பெறுதலால், தமிழில் எழுதுவோர்க்குக் கிடைப்பது இன்னும் குறைவேயாம்.

இக்குறைகளை நீக்கும் முயற்சிகளும் நிகழ்ந்துள்ளன. தமிழ் எழுத்து ஒவ்வொன்றிற்கும் தனியிடம் தரும் டேஸ்-16 என்னும் குறியீட்டு முறையை, ஒருங்குறியோடு சேர்த்துத் தமிழ்நாட்டரசு 2010இல் ஏற்றது. எனினும் உலக வழக்கில் நிலைத்தது ஒருங்குறியே. புதிய முனையங்கள் சில, மெய்யையும் அதனைச் சார்ந்த குறியையும் ஒரு கொத்தாகக் கொண்டு கட்டம் அளிக்கத் தொடங்கியுள்ளன. உயிர்மெய்யை ஓரெழுத்தாகக் கொள்ளும் நம் மரபுக்கு அது பொருந்துவதாகும்.

பயன்படுத்துவோர் கருதவேண்டியன இன்னும் இரண்டு உள. பிறர் விடுக்கும் செய்தியில் திரையை அழிக்கவும் வரியை மாற்றவும் வல்ல கட்டுப்பாட்டுக் குறிகள் மறைந்திருத்தல் கூடும். அவற்றை நீக்கிய பின்னரே முனையத்தில் காட்டுதல் வேண்டும். வாங்குவோர் எழுதும் தொலைபேசி எண்ணும் முகவரியும் கோப்பில் தங்கிவிடுமாதலின், வேலை முடிந்தபின் அதனை அழித்தலே முறை.

இதுகாறும் கூறியவற்றால், முனையத்தில் தமிழ்ச் செய்தியைக் காணுதல் கணினித் தொழிலுக்கு மட்டும் உரியதன்று. எழுத்திலக்கணத்திற்கும் உரியது என்பது போதரும். எது ஓரெழுத்து என்னும் வினாவுக்குப் பொறி தவறான விடை கொள்ளுமாயின், அதன் இழப்பைத் தாங்குவோர் தமிழில் எழுதி வாங்குபவரும் விற்பவருமே ஆவர். அவ்வினாவுக்கு உரிய விடையைப் பொறி செய்வார்க்கு எடுத்துரைக்கும் கடமை தமிழ் கற்றார்க்கு உண்டு.