பழச்சாற்றில் ஆர்சனிக்: எதை அளந்தார்கள்?

“பாக்கெட் ஜூஸில் விஷம் இருக்காமே, சார்?” என்று ஒரு மாணவி கேட்கிறாள். “வதந்தி” என்றோ, “ஆமாம், குடிக்காதே” என்றோ சொல்லிவிடலாம். இரண்டுமே அறிவியல் விடை அல்ல. அமெரிக்காவில் இதே கேள்வி எழுந்தபோது நடந்ததை வகுப்பில் பகிர்ந்தால், அளவீடு பற்றிய நல்ல பாடமாக அமையும்.

2011 செப்டம்பரில் அங்கே ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி, ஆப்பிள் சாறு மாதிரி ஒன்றில் நூறு கோடியில் 36 பங்கு ஆர்சனிக் இருப்பதாக அறிவித்தது. பெற்றோர் பதறினர். அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் அதே தயாரிப்புத் தொகுதியைச் சோதித்தபோது 2 முதல் 6 பங்கே கிடைத்தது. நிகழ்ச்சி அளந்தது மொத்த ஆர்சனிக்கை மட்டுமே என்றும் நிர்வாகம் சுட்டிக்காட்டியது. ஆர்சனிக்கில் கனிம வடிவமே அதிக நச்சு. நீண்ட காலம் உடலில் சேர்ந்தால் புற்றுநோய்க்கும் காரணமாகும். கரிம வடிவங்களின் நச்சுத்தன்மை பொதுவாகக் குறைவு.

கதை அதோடு முடியவில்லை. ‘கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்’ என்ற நுகர்வோர் இதழ் ஆப்பிள், திராட்சைச் சாறுகளின் 88 மாதிரிகளைச் சோதித்தது. ஏறத்தாழ 10 விழுக்காடு மாதிரிகளில் மொத்த ஆர்சனிக் 10 பங்கைத் தாண்டியது. அங்கே குடிநீருக்கான வரம்பே 10தான். அந்த ஆர்சனிக்கில் பெரும்பகுதி கனிம வடிவமாகவும் இருந்தது. ஆப்பிள் சாற்றில் கனிம ஆர்சனிக் 10 பங்கைத் தாண்டக்கூடாது என்ற வரைவை நிர்வாகம் 2013இல் வெளியிட்டு, 2023இல் இறுதி செய்தது.

ஆர்சனிக் பழத்துக்கு எப்படி வந்தது? பாறையிலும் மண்ணிலும் இயற்கையாகவே அது உண்டு. ஆப்பிள் தோட்டங்களில் பல ஆண்டுகள் தெளிக்கப்பட்ட லெட் ஆர்சனேட் பூச்சிக்கொல்லியும் ஒரு காரணம். பயன்பாடு நின்றாலும் காரீயமும் ஆர்சனிக்கும் சிதைவதில்லை, மண்ணிலேயே தங்கிவிடுகின்றன.

ஆய்வகத்தில் சாற்றை நைட்ரிக் அமிலத்துடன் சூடாக்கிச் சிதைத்து, பல ஆயிரம் டிகிரி வெப்பமுள்ள ஆர்கான் பிளாஸ்மாவில் தெளிக்கிறார்கள். அணுக்கள் அயனிகளாகின்றன, கருவி அவற்றை நிறைவாரியாகப் பிரித்து எண்ணுகிறது. ஆர்சனிக்கின் நிறை எண் 75. ஆனால் ஆர்கானும் (40) சாற்றிலுள்ள குளோரினும் (35) இணைந்தாலும் 75தான்! இந்தப் போலியை நீக்காவிட்டால் இல்லாத ஆர்சனிக்கும் இருப்பதாகத் தெரியும். அதனால்தான் வெற்று மாதிரியையும், அளவு தெரிந்த மாதிரியையும் கூடவே சோதிக்கிறார்கள். கனிம, கரிம வடிவங்களைத் தனித்தனியே அளக்க, அமிலத்தால் சிதைக்காமல் முதலில் நிறச்சாரல் பிரிகை முறையில் பிரிக்க வேண்டும்.

வகுப்பறைச் செயல்பாடு: ஒன்பது சிறு கிண்ணங்களை வரிசையாக வையுங்கள். முதல் கிண்ணத்தில் உணவு நிறமியை ஊற்றுங்கள். அதில் ஒரு சொட்டு எடுத்து இரண்டாவதில் விட்டு, 9 சொட்டு நீர் சேர்த்துக் கலக்குங்கள். இப்படியே தொடருங்கள். ஒன்பதாவது கிண்ணத்தில் இருப்பது நூறு கோடியில் 10 பங்கு. நிறம் எந்தக் கிண்ணத்தில் மறைந்தது என்று மாணவர்கள் குறிக்கட்டும். கண்ணுக்கும் நாக்கும் எட்டாத அளவு இது என்பதும், பள்ளி ஆய்வகத்தில் இதைக் கண்டறிய முடியாது என்பதும் அவர்களுக்கே விளங்கும்.

இனி அந்த மாணவிக்கு விடை சொல்லலாம். “எந்த வடிவம், எவ்வளவு, எந்த முறையில் அளந்தார்கள் என்று முதலில் கேள்.” கூடவே ஒன்றையும் சொல்லுங்கள்: எடை குறைந்த குழந்தைக்கு அதே ஒரு குவளைச் சாறு, பெரியவரைவிட உடல் எடைக்கு அதிக அளவைத் தருகிறது. தாகத்துக்குத் தண்ணீரும், பசிக்கு முழுப் பழமும் போதும்.