குடித்து வண்டி ஓட்டிய வழக்கு: விசா படிவத்தில் என்ன எழுதுவது?

இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் இளைஞர்களுக்கு வெளிநாட்டுப் பயணம் இன்று எட்டாக்கனி அல்ல. ஹூண்டாயின் தலைமையகம் கொரியாவில். யமஹாவுக்கு ஜப்பானில். பாரத்பென்ஸ் லாரிகளைத் தயாரிக்கும் டைம்லருக்கு ஜெர்மனியில். பயிற்சிக்கோ ஆன்சைட் வேலைக்கோ அழைப்பு வரலாம். கனடா, பிரிட்டன் என்று சொந்த முயற்சியில் கிளம்புகிறவர்களும் உண்டு.

பல நாடுகளின் விசா படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது: குற்றம் எதற்காவது தண்டிக்கப்பட்டிருக்கிறீர்களா? என்றோ ஒரு இரவு வாலாஜாபாத் சாலையில் போலீஸ் ஊதச் சொல்லி மாட்டிக்கொண்டவர், "அதான் ஃபைன் கட்டியாச்சே" என்று நினைத்து 'இல்லை' எனக் குறித்துவிடுகிறார். அவருடைய பயணத்தைப் பெரிதும் கெடுப்பது பழைய வழக்கைவிட இந்தப் பதில்தான்.

ஃபைன் கட்டியதும் தண்டனையா?

ஆம். ஹெல்மெட் போடாததற்குக் கட்டுவது சமரசத் தொகை. பணம் கட்டியதும் விஷயம் முடிந்துவிடும். குடித்துவிட்டு ஓட்டுவது அப்படிச் சமரசமாக முடிக்கக்கூடிய குற்றங்களின் பட்டியலில் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185வது பிரிவில் பதிவாகும் வழக்கு, நீதிமன்றத்துக்குத்தான் போகும். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். 2019 திருத்தத்துக்குப் பின், முதல் முறைக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ரூ.10,000 அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை என்றால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது ரூ.15,000 அபராதம், அல்லது இரண்டும். குற்றத்தை ஒப்புக்கொண்டு, நீதிமன்றம் விதித்த அபராதத்தைக் கட்டியிருந்தால் அது தண்டனைத் தீர்ப்பு.

கோர்ட்டுக்கே போகவில்லை என்றால்?

அது இன்னும் சிக்கல். குற்ற வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டை மறுக்க, 1967ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டம் இடம் தருகிறது. அப்போது வெளிநாடு செல்ல நீதிமன்றத்தின் அனுமதி தேவைப்படும். பழைய வழக்கு என்னவாயிற்று என்று தெரியாதவர்கள், இ-கோர்ட்ஸ் தளத்திலோ வழக்கு நடந்த நீதிமன்றத்திலோ பார்த்து, முதலில் அதை முடிக்க வேண்டும்.

எந்த நாடு எப்படிப் பார்க்கிறது?

மிகக் கடுமை காட்டுவது கனடா. 2018 டிசம்பர் 18 முதல் அங்கே இந்தக் குற்றத்துக்கு அதிகபட்சத் தண்டனை 10 ஆண்டு சிறை. அதனால் இது 'கடுமையான குற்றம்' என்ற வகைக்குள் வந்துவிட்டது. ஒரே ஒரு வழக்குகூட நுழைவைத் தடுக்கலாம். தண்டனை முடிந்து 5 ஆண்டுகள் ஆனவர்கள் 'மறுவாழ்வு' விண்ணப்பம் செய்யலாம்; அதற்கு முன் அவசியப் பயணம் என்றால் தற்காலிக அனுமதி கேட்கலாம். கவனிக்க வேண்டிய வித்தியாசம் ஒன்று உண்டு. கனடாவின் ஆல்கஹால் வரம்பு 80 மில்லிகிராம். இங்கே 45 காட்டி மாட்டியவரின் செயல் அங்கும் குற்றம்தானா என்று வழக்கறிஞர் வாதிட இடம் இருக்கிறது. எனவே மிஷின் காட்டிய எண் அச்சான சீட்டைத் தொலைக்கக் கூடாது.

அமெரிக்கா ஒரே ஒரு சாதாரண வழக்குக்காகக் கதவை மூடுவதில்லை. ஆனால் கடைசி 5 ஆண்டுகளில் மதுவால் ஒரு கைதோ தண்டனையோ, 10 ஆண்டுகளில் இரண்டோ இருந்தால், தூதரகம் தனது மருத்துவரிடம் பரிசோதனைக்கு அனுப்பும். பிரிட்டனுக்குப் பார்வையாளராகச் செல்ல, அபராதத் தண்டனை பெற்று 12 மாதங்கள் கடந்திருக்க வேண்டும். ஜப்பான் சட்டப்படி நுழைவுக்குத் தடையாவது ஓராண்டோ அதற்கு மேலோ விதிக்கப்பட்ட சிறைத்தண்டனை. வெறும் அபராதம் அந்த வகையில் வராது.

மறைத்தால்?

நீண்டகால வேலைக்கும் குடியேற்றத்துக்கும் போலீஸ் சான்றிதழ் கேட்பது வழக்கம். அன்று வெளியே வராதது, பின்னாளில் குடியுரிமை விண்ணப்பத்தில் வரலாம். பொய் சொன்னதற்குக் கனடா 5 ஆண்டும் பிரிட்டன் 10 ஆண்டும் தடை விதிக்க முடியும். அமெரிக்காவில் அது, விலக்கு கிடைத்தாலொழிய, வாழ்நாள் தடை. பத்தாயிரம் ரூபாயோடு முடிந்த தவறுக்கு இவ்வளவு பெரிய விலை வேண்டாம்.

செய்ய வேண்டியவை

• தீர்ப்பின் சான்றிட்ட நகலை நீதிமன்றத்தில் வாங்குங்கள்.
• அபராத ரசீதையும் பரிசோதனைச் சீட்டையும் சேர்த்து வையுங்கள். லைசென்ஸ் நிறுத்தப்பட்டிருந்தால் அந்த உத்தரவும் வேண்டும்.
• படிவத்தில் 'ஆம்' என்று குறித்து, தேதி, பிரிவு, தண்டனை மூன்றையும் சுருக்கமாக எழுதுங்கள். நடந்ததைக் குறைத்துச் சொல்லாதீர்கள்.
• கம்பெனி அனுப்பும் பயணம் என்றால், டிக்கெட் போடும் முன்பே எச்.ஆரிடம் சொல்லிவிடுங்கள். படிவத்தை ஏஜென்ட் நிரப்பினாலும், அதில் இருப்பதற்குப் பொறுப்பு விண்ணப்பதாரர்தான்.

இந்த விவரங்களைத் தொழிற்சாலைகள் வேலையில் சேரும் முதல் வாரப் பயிற்சியிலேயே சொல்லித்தர வேண்டும். நைட் ஷிப்ட் முடிந்து ஆயிரக்கணக்கானோர் பைக்கில் வீடு திரும்பும் சாலைகள் இவை. குடித்தவர் சாவியைக் கொடுத்துவிட்டு வேறு வண்டியில் வீடு போய்ச் சேர்ந்தால், காப்பாற்றப்படுவது அவருடைய விசா மட்டும் அல்ல. எதிரே வருகிற சக தொழிலாளியின் உயிரும்தான்.