மழையில் வெப்பத்தை எண்ணியவர்

இட்லிப் பானையை அவசரமாகத் திறந்து ஆவி கையில் பட்டவர்களுக்குத் தெரியும், கொதிநீர் பட்டதைவிட அது மோசமாகச் சுடும். இரண்டின் வெப்பநிலையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஆவி தோலில் பட்டதும் நீராகிறது. ஆவியாவதற்காக முன்பு வாங்கி வைத்திருந்த வெப்பத்தை அப்போது அப்படியே கையில் இறக்கிவிடுகிறது. பாடப்புத்தகத்தில் இதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். தேர்வு முடிந்ததும் நாம் மறந்துபோகும் இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு ஜோஆன் சிம்ப்சன் என்ற அமெரிக்க வானிலை ஆய்வாளர் அரை நூற்றாண்டுக்கு மேல் வேலை பார்த்தார்.

ஒரு சின்னக் கணக்கு. டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். மேகத்துக்குள் ஒரு லிட்டர் நீர் உருவாகும்போது சுமார் 25 லட்சம் ஜூல் வெப்பம் வெளியாகிறது. மின்கட்டணக் கணக்கில் சொன்னால் 0.7 யூனிட். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் 1 செ.மீ. மழை பெய்தால் அது 1 கோடி லிட்டர். ஆக, 70 லட்சம் யூனிட். ஒரு சிற்றூரின் மேல் சாயங்காலம் சாதாரணமாகப் பெய்துவிட்டுப் போகிற மழைக்கே இவ்வளவு.

‘மழை பெய்தால் குளிரத்தானே செய்கிறது?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வெப்பம் வெளியாவது மேகத்தில், பல கிலோமீட்டர் உயரத்தில். அது அங்கேயே காற்றைச் சூடாக்கிவிட்டுத் தங்கிவிடுகிறது. நமக்கு வந்து சேர்வது குளிர்ந்த நீர் மட்டும். மேலே சூடான காற்று இன்னும் எழும்ப, கீழே அழுத்தம் குறைய, சுற்றிலும் இருக்கிற ஈரக்காற்று உள்ளே பாய்கிறது. புயல் ஓடுவது இந்த எரிபொருளில்தான். ஆகவே எங்கே எவ்வளவு மழை பெய்தது என்று தெரிந்தால், வளிமண்டலத்துக்கு எங்கே எவ்வளவு வெப்பம் கிடைத்தது என்றும் தெரிந்துவிடும். சிம்ப்சனின் வாழ்நாள் வேலையை இந்த ஒரு வரியில் சொல்லிவிடலாம். செய்துகாட்டத்தான் வெகுகாலம் பிடித்தது.

1923இல் பாஸ்டனில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது விமானப்படைக்கு வானிலை தெரிந்தவர்கள் ஏராளமாகத் தேவைப்பட்டார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தில் கார்ல்-குஸ்டாஃப் ராஸ்பி நடத்திய பயிற்சியில் சேர்ந்து, பிறகு படைவீரர்களுக்கு அவரே பாடம் எடுத்தார். போர் முடிந்ததும் பெண்கள் வீட்டுக்குப் போக வேண்டும் என்பது அன்றைய எதிர்பார்ப்பு. இவர் முனைவர் பட்டத்துக்குப் படிக்க வேண்டும் என்றார். இந்தத் துறையில் எந்தப் பெண்ணும் அந்தப் பட்டம் வாங்கியதில்லை, வாங்கப்போவதும் இல்லை, வாங்கினாலும் வேலை தர ஆள் இல்லை என்று பதில் வந்தது. வெப்பமண்டல வானிலை பற்றி ஹெர்பர்ட் ரீல் நடத்திய வகுப்பில் மேகங்கள் மீது ஆசை வந்து, அதையே ஆராய்வதாகச் சொன்னபோது ராஸ்பி மறுக்கவில்லை. பெரிதாக யாரும் அக்கறைப்படாத, முக்கியமில்லாத விஷயம். ஒரு சின்னப் பெண்ணுக்கு ஏற்றது என்பது அவர் எண்ணம். பிற்காலத்தில் சிம்ப்சனே இதை நினைவுகூர்ந்திருக்கிறார். 1949இல் பட்டம் கிடைத்தது. அமெரிக்காவில் வானிலை அறிவியலில் முனைவரான முதல் பெண் அவர்.

ராஸ்பியை இதற்காகக் கரித்துக்கொட்ட எனக்கு மனமில்லை. வானிலை என்றால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளும் காற்றோட்டங்கள் என்று நினைத்த தலைமுறை அது. அந்த ஓட்டங்களின் விளைவாக ஆங்காங்கே மேகம் வரும், போகும் என்றுதான் நம்பினார்கள். மேகமே காற்றை ஓட்டக்கூடும் என்று யாரும் யோசிக்கவில்லை.

அதை யோசிக்க வைத்த புதிர் இதுதான். நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதி, வெயிலில் வாங்குவதைவிடக் குறைவாகவே வெப்பத்தை விண்ணுக்குத் திருப்பி அனுப்புகிறது. மிச்சம் மேலே ஏறி, அங்கிருந்து வடக்கும் தெற்குமாகப் போய்ச் சேர வேண்டும். காற்று மொத்தமாக, மெதுவாக மேலே எழும்பி இதைச் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் உயரே போகப்போக என்ன தெரிய வேண்டும்? அளந்து பார்த்தால் கணக்கு உதைத்தது. வெப்பம், ஈரம், உயரம் மூன்றையும் சேர்த்துக் காற்றின் ஆற்றலைக் கணக்கிட்டால், கடல்மட்டத்தில் அதிகம். ஏறக்குறைய 5 கிலோமீட்டரில் ஆகக் குறைவு. அதற்கும் மேலே மறுபடி அதிகம். மொட்டை மாடித் தொட்டி நிறைந்திருக்கிறது, நடு மாடியில் சொட்டு நீர் இல்லை என்றால், கீழேயுள்ள சம்ப்பிலிருந்து நேரே மேலே ஒரு குழாய் போகிறது, வழியில் எங்கும் கசியவில்லை என்றுதானே பொருள்?

அந்தக் குழாய்களைத்தான் ரீலும் இவரும் சேர்ந்து 1958இல் எழுதிய கட்டுரையில் ‘வெப்பக் கோபுரங்கள்’ என்றார்கள். (அப்போது அவர் பெயர் ஜோஆன் மால்கஸ்.) கடலை ஒட்டிய ஈரக்காற்றைப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கும் மேலே கொண்டுபோகும் இடிமேகங்கள் அவை. நிலநடுக்கோட்டைச் சுற்றியுள்ள தாழ்வழுத்தப் பட்டை முழுவதிலும் ஒரே நேரத்தில் 1,500 முதல் 5,000 கோபுரங்கள் இருந்தால் போதும், தேவையான வெப்பம் மேலே போய்விடும் என்று மதிப்பிட்டார்கள். உலகத்தின் பரப்போடு ஒப்பிட்டால் இது மிகச் சொற்பம்.

எல்லா மேகமும் ஏன் கோபுரமாவதில்லை? இதற்கு அவர் மேகத்துக்குள்ளேயே போய்ப் பார்த்தார். உட்ஸ் ஹோல் கடலாய்வு நிலையத்தில் இருந்த காலத்தில் கடற்படை ஆராய்ச்சி அலுவலகம் ஒரு பழைய பி.பி.ஒய். விமானத்தைக் கொடுத்தது. பெண்களைக் களப்பணிக்கு அனுப்பும் வழக்கம் அங்கே இல்லை. அவர் போகாவிட்டால் விமானமும் இல்லை என்று கொடுத்தவர்கள் சொன்ன பிறகு வழி விட்டார்கள். மேகத்தின் ஓரங்கள் வழியாக வெளியேயுள்ள வறண்ட காற்று விடாமல் உள்ளே கலக்கிறது. கலந்த இடத்தில் நீர்த்துளிகள் ஆவியாகின்றன, காற்று குளிர்கிறது, எழும்பும் வேகம் போய்விடுகிறது. சின்ன மேகங்கள் கரைந்துபோவது இதனால்தான். மேகம் போதிய அகலமாக இருந்தால் அதன் நடுப்பகுதியை இந்தக் கலப்பு எட்டாது. அந்த நடுப்பகுதி தப்பித்து மேலே போகிறது. இதைச் சமன்பாடுகளாக எழுதி, முதலில் நகர்வு அளவுகோலை (ஸ்லைடு ரூல்) வைத்தே ஒரு மேகத்தின் வளர்ச்சியைக் கணக்கிட்டார். கணினி பிறகுதான் வந்தது.

இடையில் ஒரு தோல்வியும் உண்டு. அதை அமுக்கி வாசிக்க வேண்டியதில்லை. ‘ஸ்டார்ம்ஃப்யூரி’ என்று ஓர் அமெரிக்க அரசுத் திட்டம், 1962 முதல் 1983 வரை. ஹரிகேனின் கண்ணைச் சுற்றியுள்ள மேகச் சுவருக்கு வெளியே வெள்ளி அயோடைடைத் தூவினால், உறையாமல் குளிர்ந்து கிடக்கும் நீர் பனியாக உறையும். அப்போது வெளியாகும் வெப்பத்தில் வெளிப்புறம் புதிய மேக வளையம் எழும். கண் அகன்று காற்றின் வேகம் தணியும். இது அவரும், பின்னால் கணவரான ராபர்ட் சிம்ப்சனும் முன்வைத்த கருத்து. 1965–66இல் திட்டத்தின் இயக்குநராகவும் இருந்தார். கருத்து அழகானது. ஆனால் ஹரிகேன்களில் உறையாத குளிர்நீர் அவ்வளவாக இல்லை. யாரும் எதுவும் தூவாதபோதே மேகச் சுவர் தானாக மாறிக்கொள்வதும் பிறகு தெரிந்தது. எது நம் கைவரிசை, எது புயலின் இயல்பு என்று பிரிக்கவே முடியவில்லை. வறட்சிக் காலத்தில் செயற்கை மழை பற்றி அறிவிப்பு வரும்போதெல்லாம் எனக்கு இந்தத் திட்டம்தான் நினைவுக்கு வரும். பெய்த மழையைக் காட்டி, இது நாங்கள் வரவழைத்தது என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். நிரூபிப்பதுதான் பெரும்பாடு.

மேகத்தை நன்றாகப் புரிந்துகொண்டாயிற்று. ஆனால் மொத்த மழை எவ்வளவு? இதை அளப்பது பார்ப்பதற்கு எளிது. நம் ஊர் வானிலை நிலையத்து மழைமானியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டு அளவுகூட இல்லாத புனல் வாய், கீழே சேகரிக்கும் பாத்திரம். காலை 8.30க்கு ஒருவர் வந்து பாத்திரத்தை எடுத்து, அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்து எழுதுவார். முறை சரியானதுதான். ஆனால் அந்த அளவு அந்தப் புனல் வாய்க்கு மட்டுமே பொருந்தும். 2015 டிசம்பர் 2 காலை முடிந்த 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ.; தாம்பரத்தில் 49 செ.மீ. ஒரே மின்சார ரயில் தடத்தில் வரும் இரண்டு இடங்களுக்கு நடுவே இத்தனை வித்தியாசம். உலகத்தில் பயன்படும் மழைமானிகளின் வாய்களையெல்லாம் அடுக்கி வைத்தாலும் பாதிக் கால்பந்து மைதானம்கூட நிரம்பாது என்று 2017இல் ஒரு ஆய்வுக் குழு கணக்கிட்டது. கடலிலோ மழைமானி இல்லவே இல்லை என்று சொல்லலாம். வெப்பமண்டலத்தில் பெரும்பகுதி கடல்தானே!

1979இல் நாசாவின் கோடார்ட் மையத்துக்கு வந்த சிம்ப்சன், 1986 முதல் வெப்பமண்டல மழையளவைச் செயற்கைக்கோள் திட்டத்தின் அறிவியல் பொறுப்பை ஏற்றார். அமெரிக்காவும் ஜப்பானும் சேர்ந்து செய்தது. 1997 நவம்பரில் ஜப்பானின் தனேகஷிமாவிலிருந்து அது ஏவப்பட்டபோது அவருக்கு வயது 74. ஓய்வு பெற்று மேகத்தை வேடிக்கை பார்க்கலாம் என்கிற வயது.

முதன்முறையாக ஒரு மழை ரேடார் விண்வெளிக்குப் போயிற்று. ஜப்பானில் செய்த அந்த ரேடார் 350 கிலோமீட்டர் உயரத்திலிருந்து கீழ்நோக்கித் துடிப்புகளை அனுப்பும். மழைத்துளிகளில் பட்டுத் திரும்புவதற்கு ஆகும் நேரத்தையும், திரும்பிவரும் எதிரொலியின் வலிமையையும் வைத்து, எந்த உயரத்தில் எவ்வளவு மழை என்று 250 மீட்டர் அடுக்குகளாகப் பிரித்துச் சொல்லும். வட, தென் அட்சரேகைகள் 35 பாகைக்குள் சுற்றியதால் தமிழ்நாடும் இலங்கையும் வங்கக் கடலும் அதன் பார்வைக்குள் இருந்தன. தினமும் ஒரே மணிக்கு ஓரிடத்தைக் கடக்கும்படி அதன் பாதையை அமைக்கவில்லை. மழைக்கு நேரம் காலம் உண்டு, மத்தியானம் மட்டும் பார்த்தால் விடிகாலை மழை கணக்கில் வராது. மூன்று ஆண்டு உழைத்தால் போதும் என்று திட்டமிட்டார்கள். 17 ஆண்டுகள் உழைத்தது. சிம்ப்சன் 2010இல் காலமான பிறகும் அது சுற்றிக்கொண்டிருந்தது.

1998 ஆகஸ்டில் பானி என்ற ஹரிகேனை அது கடந்தபோது, மேகச் சுவரில் 18 கிலோமீட்டர் உயரத்துக்கு ஒரு வெப்பக் கோபுரம் நின்றது. நாற்பது ஆண்டுக்கு முன் கணக்கில் பிடித்தது, இப்போது ரேடார் படத்தில். பிறகு பல புயல்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள்: கண்ணைச் சுற்றிய சுவரில் இப்படி ஒரு கோபுரம் தெரிந்தால், அடுத்த ஆறு மணி நேரத்தில் புயல் வலுப்பெறும் வாய்ப்பு இரு மடங்கு.

ரேடாரின் அடுக்கு அடுக்கான அளவை வைத்து, மழை எவ்வளவு என்பதோடு வெப்பம் எந்த உயரத்தில் இறங்கியது என்றும் கணக்கிடலாம். இதற்கான வழியை வகுத்தவர்களில் அவரும் ஒருவர். அரை மணி நேரம் கொட்டித் தீர்க்கும் இடிமழையில் மேகம் கீழிருந்தே வெப்பத்தை வெளியிடுகிறது. தரையை ஒட்டிய ஈரக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. விடிய விடியத் தூறும் அடைமழையில் வெப்பம் இறங்குவது மேல் அடுக்கில் மட்டும். கீழே, விழும் துளிகளில் ஒரு பங்கு ஆவியாகிக் காற்றைக் குளிரவைக்கிறது, ஆகவே கடலை ஒட்டிய ஈரக்காற்றை அது அப்படி இழுப்பதில்லை. காலை 8.30க்கு மழைமானியில் இரண்டுமே 5 செ.மீ. என்று காட்டலாம், தாழ்வு மண்டலம் வலுப்பதற்கு உதவியதோ முதலாவது.